பென்ஷன் ஆன முதல் வருஷத்துக்கு இரண்டு தேனீப் பெட்டி

மே 31-ஆம் தேதி மாலையும் சால்வையுமாக வீடு வந்து சேர்கிறவர்களுக்குக் குமரி மாவட்டத்தில் ஒரு கொடுப்பினை உண்டு. சில நாளிலேயே இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். ரப்பர் விளைகளுக்குள் பகலிலேயே இருட்டிக் கிடக்கும். எங்கும் போக வேண்டிய அவசரம் இல்லாமல், கட்டன் சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் மிளகாய்ச் சம்மந்தியுமாகத் திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பார்க்கலாம். முப்பது வருஷத்துக்கு மேல் இதே மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிய கால்களுக்கு அது முழுக்க உரிமைப்பட்ட சுகம். முதல் மாதத்தை அப்படியே அனுபவிக்க வேண்டும். யாரும் அதில் குறை சொல்ல விடக்கூடாது.

ஜூலை பாதியில் காலை பத்து மணி நீளத் தொடங்கும். நடை முடிந்திருக்கும், பேப்பர் படித்தாயிற்று, குளித்தாயிற்று, மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும். இந்த இடத்தில்தான் பலபேர் அடுக்களைக்குள் நுழைந்து பருப்பு டப்பாவை எல்லாம் இடம் மாற்றி வைக்கிறார்கள். அது வேண்டாம். வீட்டில் இத்தனை வருஷமாக ஓடிவரும் ஒழுங்கில் முதல் மூன்று மாதம் கை வைக்காமல் இருப்பது நல்லது. அதற்குப் பதிலாக ஏதாவது ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை முழுசாக எடுத்துக்கொள்ளலாம். தேங்காய் என்றால் ஆளைக் கூப்பிட்டு வெட்டுவது, தொலிப்பது, காயவைப்பது, எண்ணெய் ஆட்டிக் குப்பியில் ஊற்றிக் கொண்டுவந்து வைப்பது வரைக்கும். பாதி செய்து கொடுத்தால் மீதியை இன்னொருவர் முடிக்க வேண்டிவரும், அது உதவியில் சேராது.

ஓய்வு பெற்றவருக்குத் தினமும் பிடித்து இழுக்கிற வேலை தேவையில்லை. ஆனால் தள்ளிப்போட முடியாத வேலை ஒன்று வாரத்தில் ஒருநாளாவது இருக்க வேண்டும். அதற்குத் தனக்கென்று ஒரு பருவம், ஒரு கணக்கு, கையில் வந்து சேரும் பலன் எல்லாம் இருந்தால் இன்னும் விசேஷம். மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் இதற்குத் தேனீயை விடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியவில்லை. அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் 1920-களில் இங்கே நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் வீட்டுக்கு வீடு தேனீப் பெட்டியை அறிமுகப்படுத்தியதிலிருந்து இந்த ஊருக்கும் தேனீக்கும் உறவு. மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பெட்டி செய்யும் தச்சர், அடை கட்ட உள்ளே வைக்கும் மரச்சட்டம் விற்கும் கடை, கூடு கொடுக்கும் ஆள், சந்தேகம் கேட்க ஒரு அண்ணாச்சி, எல்லாம் ஒரு பஸ் தூரத்தில் இருக்கும்.

பெட்டி வாங்க அக்டோபர் வரை பொறுக்க வேண்டும். அதுவரை மழைக்காலத்துக்குக் காகித வேலை இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஓய்வூதிய ஆணைப் புத்தகத்தையும் ஆதார் அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். முக்கியமாகக் கணவன் அல்லது மனைவியின் பெயரும் பிறந்த தேதியும். ஆணையில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கும். வங்கிக் கணக்கில் மூன்றாவதாக ஒரு விதம் இருக்கும். பென்ஷன்தாரர் உயிரோடு இருக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது. குடும்ப ஓய்வூதியம் கேட்டு ஒருவர் தனியாகப் போய் நிற்கும் நாளில்தான் படும். அந்த நாளில் அவரை அலையவிடாமல் இருக்க, இப்போதே ஒரு மழை நாளில் உட்கார்ந்து திருத்தத்துக்கு எழுதிப் போடுவது செய்யக்கூடிய பெரிய அன்பு.

அடுத்தது கையில் வந்த தொகை. அஞ்சலகத்திலும் வங்கியிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 60 வயது ஆனவர்கள் சேரலாம். ஓய்வு பெற்றவர் 55 முதல் 60-க்குள் இருந்தால், ஓய்வுகாலப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேர வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இந்த மூன்று மாதக் கெடுவைத்தான். உச்சவரம்பு 30 லட்சம், காலம் 5 ஆண்டு. போடும் நாளில் உள்ள வட்டி ஐந்து ஆண்டுக்கும் மாறாது. 8.2 சதவீதத்தில் 10 லட்சம் போட்டால் காலாண்டுக்கு 20,500 ரூபாய் வரும். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் வேலைநாளில் கணக்கில் விழும். ஒரு வருஷத்துக்குள் முடித்தால் வட்டியே கிடையாது, அதற்குப் பிறகும் பிடித்தம் உண்டு. அதனால் வீட்டு மராமத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் தேவைப்படக்கூடிய பணத்தை வெளியே வைத்துக்கொண்டு மீதியைத்தான் இதில் போட வேண்டும்.

உயிர்வாழ் சான்று வருஷத்துக்கு ஒருமுறை. மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பர், மாநில அரசு ஓய்வூதியருக்கு அவரவர் ஓய்வு பெற்ற மாதம், பி.எஃப். ஓய்வூதியருக்கு எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். ரப்பர் பாலும் தேங்காய் மட்டையான கதம்பையும் பிடித்துப் பழகிய கைகளில் ரேகை தேய்ந்திருக்கும், கருவி மூன்று நான்கு தடவை மறுக்கும். மனம் சோர வேண்டாம். ஜீவன் பிரமான் செயலியோடு ஆதார் ஃபேஸ் ஆர்.டி. செயலியையும் சேர்த்து ஏற்றினால் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் முகத்தில் விழும்படி வாசலைப் பார்த்து உட்கார வேண்டும். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் இருண்டு போகும், அதுதான் பெரும்பாலும் தோற்கக் காரணம். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தால் படம் எடுத்துக்கொள்ளும். சான்று எண் குறுஞ்செய்தியாக வரும், அதை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மழையில் வெளியே போக முடியாதவர்களுக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்து கொடுப்பார், கட்டணம் 70 ரூபாய்.

காகிதம் முடிந்தது. இனி ஈ.

பெட்டி இரண்டு வேண்டும், ஒன்று போதாது. ஒரு பெட்டியில் ராணி செத்துப்போனால் இன்னொன்றிலிருந்து முட்டையுள்ள ஒரு மெழுகு அடையை எடுத்து வைத்தால் ஈக்கள் தாங்களே புது ராணியை வளர்த்துக்கொள்ளும். ஒற்றைப் பெட்டிக்காரருக்கு அந்த வழி இல்லை. எட்டு பத்து வாங்கினாலோ, அது மறுபடியும் உத்தியோகம் ஆகிவிடும். இரண்டு பெட்டிக்கு வாரம் ஒரு மணி நேரம் சரியாகப் போகும்.

வாங்குவது நம்ம ஊர் அடுக்குத் தேனீயாக இருக்கட்டும். நியூட்டன் என்ற வகைப் பெட்டியில் கீழே புழு வளரும் அடுக்கான புழு அறைக்கு 7 சட்டம், மேலே தேன் சேரும் அடுக்கான தேன் அறை. கூடு கொடுப்பவரிடம் மூடியைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். நான்கு சட்டத்திலாவது ஈ அப்பியிருக்கிறதா, அடையில் மூடிய புழுக் குழிகள் இடைவெளி இல்லாமல் பரவியிருக்கிறதா, அடை கறுத்துப் போகாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடியும் மூடாமலும் ஓட்டை ஓட்டையாக இருந்து, உள்ளே புழு நிமிர்ந்து படகு முனை மாதிரி நின்றால் அது பைப்புழு நோய். 1990-களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் பெட்டி பெட்டியாகக் காலியாக்கியது அந்த வைரஸ்தான். அதற்கு மருந்து இல்லை. அப்படிப்பட்ட கூட்டை விலை குறைத்துத் தந்தாலும் தொடக்கூடாது.

வைக்கும் இடம் முக்கியம். காலை வெயில் விழ வேண்டும், மதியம் நிழல் வேண்டும். வாசல் கிழக்கே பார்த்திருந்தால் ஈ சீக்கிரம் வேலைக்குக் கிளம்பும். பெட்டிக்குப் பெட்டி இரண்டு மூன்று மீட்டர் விட்டு, முழங்கால் உயரத்துக்கும் சற்று மேலே தாங்கு காலில் நிறுத்த வேண்டும். அறுபது வயது முதுகு வளைந்து நிற்கக் கூடாது என்பது உயரத்துக்கு ஒரு காரணம். அந்தத் தாங்கு காலைச் சுற்றித் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது எறும்புக்காக. கிண்ணத்தில் இலை விழுந்து பாலம் போட்டுவிட்டால் எறும்பு ஒரே ராத்திரியில் ஏறிவிடும், தினமும் காலை நடை போகும்போது ஒரு பார்வை பார்த்தால் போதும்.

ஒன்றை முன்பே சொல்லியிருக்க வேண்டும். தேனீ கொட்டி உடம்பெல்லாம் தடித்தவர்கள், மூச்சுத் திணறியவர்கள் இதில் இறங்க வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது, சில மாத்திரைகள் ஒவ்வாமைக்குக் கொடுக்கும் சிகிச்சையைக் கடினமாக்கும். சாதாரணமாகக் கொட்டினால் கொடுக்கைப் பிடித்துப் பிதுக்காமல் நகத்தால் வழித்து எடுக்க வேண்டும், பிதுக்கினால் பையில் மீதி இருக்கும் விஷமும் உள்ளே இறங்கும். மூச்சு வாங்கினால், உதடு வீங்கினால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி.

வாரத்துக்கு ஒருநாள், வெயில் தெளிந்த காலையில் பெட்டியைத் திறக்க வேண்டும். வெளுத்த சட்டை, தலையில் எண்ணெய் வாசனை இல்லாமல். பெட்டியின் வாசலுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். காய்ந்த கதம்பையைப் புகைப்பானில் போட்டு மூட்டினால் குளிர்ந்த புகை வரும், இரண்டு மூன்று ஊதல் போதும். முகவலைக்குள்ளே படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொள்ள மறக்கக் கூடாது. தேட வேண்டியது முட்டையை. சூரியன் தோளுக்குப் பின்னால் இருக்கும்படி திரும்பி நின்று சட்டத்தைத் தூக்கிப் பிடித்தால், அறையின் அடியில் வெள்ளை நூல் துணுக்கு மாதிரி ஒன்று நிற்கும். அறைக்கு ஒன்று இருந்தால் ராணி நலமாக இருக்கிறாள், அவளைத் தேடி எல்லாச் சட்டத்தையும் புரட்ட வேண்டியதில்லை. ஒரே அறையில் மூன்று நான்கு முட்டை தாறுமாறாகக் கிடந்தால் ராணி போய் நாளாகிவிட்டது, வேலைக்கார ஈக்கள் முட்டையிட ஆரம்பித்திருக்கின்றன என்று அர்த்தம்.

அந்த முட்டையை முதல் தடவை கண்ணால் பார்க்கிற காலை, பத்து மணியின் நீளம் எங்கே போனதென்றே தெரியாது.

ஐப்பசியில் பிடிக்கும் துலா மழை ஓய்ந்து மார்கழி பிறக்கும்போது கூடு பெருக்கும். ஆண் ஈ அறைகள் தெரியும், அவற்றின் மூடி நடுவில் ஊசித்துளை இருக்கும். அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை மாதிரி தொங்கினால் அது ராணி அறை. இனிச் சும்மா இருந்தால் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு பக்கத்து வீட்டுப் பலா மரத்துக்குப் போய்விடும். கூட்டை இரண்டாகப் பிரிக்க விரும்பினால் மூன்று சட்டத்தை, நல்ல ராணி அறை ஒன்று, மூடிய புழு, கொஞ்சம் தேன், கொஞ்சம் மகரந்தம் இருக்கும்படி பார்த்து ஈயோடு புதுப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். பழைய ராணி பழைய பெட்டியிலேயே இருக்கட்டும். பிறகு பழைய பெட்டி இருந்த இடத்திலிருந்து இரண்டையும் இடமும் வலமுமாக ஒரே அளவு நகர்த்தி வைக்க வேண்டும். வெளியே போன ஈக்கள் திரும்பி வந்து இரண்டிலும் பங்கு பிரிந்து ஏறும். ஒன்றில் கூட்டம் அதிகமானால் அந்தப் பெட்டியை இன்னும் ஓரடி தள்ளி வைத்தால் சமன் ஆகிவிடும். புது ராணி பறந்து போய் இணை சேர்ந்து வர வெயில் வேண்டும், அதனால்தான் மழை நின்ற பிறகு இந்த வேலை. பிரிக்க மனமில்லை என்றால் ராணி அறைகளை வாரம் தவறாமல் நசுக்கிவிட்டு, கூட்டத்துக்கு மேலே இடம் கொடுக்க வேண்டும்.

முதல் வருஷம் பிரிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கூட்டம் முழுசாக இருந்தால்தான் மாசியில் தேன் நிறையும்.

ரப்பர் டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்க்கும். விளைக்குள் நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். பூவிலிருந்துதான் தேன் வரும் என்று எல்லோரும் நினைப்போம், ரப்பரில் அப்படி இல்லை. மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேர்கிற இடத்தில் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன, தளிர் முற்றும் வரை அவற்றில் தேன் ஊறும். கைக்கெட்டும் கிளையில் ஒரு தளிரைக் காலையில் தொட்டுப் பார்த்தால் விரலில் பிசுபிசுக்கும். பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் இல்லை. ஜனவரிக் கடைசியில் தேன் அறையை மேலே ஏற்றிவிட வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தேன் வரத்து இருக்கும்.

அவசரப்பட்டு எடுப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. சட்டத்தில் முக்கால் பங்கு அறைகளையாவது ஈ மெழுகால் மூடியிருக்க வேண்டும். மூடாத தேனில் தண்ணீர் அதிகம், பதினைந்து நாளில் நுரைத்துப் புளித்துக் குப்பி மூடியைத் தள்ளும். ரப்பர்த் தேனுக்கு இயல்பாகவே ஈரம் கொஞ்சம் கூடுதல். வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் மேல்மூடியைச் சீவி, தேன் எடுக்கும் கருவியில் முதலில் மெதுவாகச் சுற்ற வேண்டும், வேகமாகச் சுற்றினால் அடை உடையும். தேன் அறையிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும், புழு அறையில் இருப்பது ஈக்களின் சாப்பாடு. எடுத்த தேனை மெல்லிய துணியில் வடித்து, ஒரு பாத்திரத்தில் ஊற்றி, அதைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 45 டிகிரி வரை சூடாக்கி ஆறவிட்டால் நாள்பட இருக்கும். அடுப்பில் நேரடியாக வைத்தால் மணம் போய்விடும். ஈர ஸ்பூன் குப்பிக்குள் போகவே கூடாது.

நல்ல வருஷத்தில் ஒரு பெட்டி 8 முதல் 10 கிலோ தரும். ஒரு லிட்டர் தேன் ஏறக்குறைய 1.4 கிலோ, அதனால் 750 மில்லி குப்பியில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். முதல் குப்பி பக்கத்து வீட்டுக்கு. அவர்கள் செடியிலும் மரத்திலும் மேய்ந்த ஈதானே. கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டிய விஷயம் மூன்று உண்டு. ரப்பர்த் தேன் சில வாரங்களில் நெய் மாதிரி உறையும். சீனி கலந்ததால் இல்லை, அதிலுள்ள குளுக்கோஸ் படிகமாகிறது, வெதுவெதுப்பான தண்ணீரில் குப்பியை வைத்தால் இளகிவிடும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்கக்கூட ஒரு சொட்டும் வேண்டாம், கிருமியின் விதை குடலில் முளைக்கும் ஆபத்து இருக்கிறது. சர்க்கரை நோயாளிக்குத் தேனும் சர்க்கரைதான்.

தேன் வரத்துள்ள இந்த மூன்று மாதமும் வேறு ஊர்ப் பயணம் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. ஆனால் பக்கத்தில் போய்வரலாம், அதுவும் கூட்டமில்லாத கிழமைகளில். வேலையில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் பார்த்த பத்மநாபபுரம் அரண்மனையைப் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போய் நிதானமாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரள அரசு. திங்கள் விடுமுறை, மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை அடைத்திருக்கும். கறுத்துப் பளபளக்கும் அந்தத் தரையில் வெறுங்காலோடு நடக்கிற குளிர்ச்சி தனி. தூரப் பயணத்துக்கு ரயிலில் முதியோர் கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டில் கேட்டு முன்பதிவு செய்ய வேண்டும். ஆணுக்கு 60 வயது, பெண்ணுக்கு 45. ஒரே சீட்டில் இரண்டு பேருக்கு மேல் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. குடும்பத்தோடு ஆறு பேருக்கு ஒன்றாகப் போட்டுவிட்டு மேல் படுக்கையை அண்ணாந்து பார்க்க நேர்வது இதனால்தான்.

ஏப்ரல் முடிவில் தளிர் முற்றி வரத்து நிற்கும். கடைசித் தடவை எடுக்கும்போது கொஞ்சம் விட்டுவைத்துத் தேன் அறையைக் கழற்ற வேண்டும். கழற்றிய அடைகளை அப்படியே அலமாரியில் வைத்தால் மெழுகுப் பூச்சி அரித்து வலை பின்னிவிடும், உருக்கிவிடலாம். மே மாதம் பேரப்பிள்ளைகள் வந்து, சக்கைப்பழச் (பலா) சுளையைத் தேனில் தொட்டுத் தின்று, இரண்டு கொட்டு வாங்கி, பள்ளி திறக்க ஊருக்குப் போவார்கள். வீடு அடங்கும். மறுபடியும் இடவப்பாதி இறங்கும்.

இந்தத் தடவை திண்ணையில் சாயாவோடு உட்கார்ந்தால் மனம் பெட்டி பக்கம் போகும். மழையில் ஈ வெளியே போகாது, வெளியே போனாலும் தேன் இல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் கடைசி வரை வாரம் ஒருமுறை ஊட்ட வேண்டும். ஒரு பெட்டிக்கு 100 கிராம் சீனி, 100 மில்லி கொதித்து ஆறிய தண்ணீர். கழுவிக் காயவைத்த சிரட்டையில் ஊற்றி, ஈ மூழ்காமல் ஏறி நிற்க இரண்டு ஈர்க்குச்சித் துண்டு மிதக்கவிட்டு, சட்டங்களுக்குப் பக்கத்தில் உள்ளே வைக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், இரண்டு பெட்டிக்கும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். பகலில் ஒன்றுக்கு மட்டும் வைத்தால் மற்றது கொள்ளையடிக்க வந்துவிடும். வெளியே ஒரு சொட்டும் சிந்தக் கூடாது. அடிப்பலகையைத் துடைத்து, கறுத்த காலி அடையை எடுத்துவிட்டு, மூடிமேல் ஓலையோ தகரமோ போட்டுக் கல் வைத்துவிட்டு வந்தால் அடுத்த வாரம் வரை கவலையில்லை. காலையில் சிரட்டை நக்கித் துடைத்த மாதிரி காலியாக இருக்கும்.